ஆல் சீசன் டயரில் குளிர்காலமும் சேர்த்தியா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார் எதுவும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் சாலையில் ஏறக் கூடாது. பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் அக்டோபர் 1-ஆம் தேதியே கட்டாயம் தொடங்கிவிடுகிறது. ஆனால் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் மட்டும், முக்கியமாக மலைப்பாதைகளில். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் கொலம்பியா சரி என்று விடுகிற ஒரு வகை டயரைக் கியூபெக் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடைகளில் வரிசை நிற்கும். அந்த வரிசையில் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி இது: "என் காரில் ஆல் சீசன் டயர்தானே இருக்கிறது? பெயரிலேயே எல்லா சீசனும் இருக்கும்போது இன்னொரு செட் எதற்கு?" வெயில் நாட்டிலிருந்து வந்து டொரண்டோவிலோ மான்ட்ரியலிலோ முதல் கார் வாங்கியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். நியாயமான கேள்விதான். குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர். எனவே பெயர்களில் இருந்தே தொடங்கலாம்.

ஒரு சின்ன முன்குறிப்பு. தமிழில் மார்கழி விடியலின் புகைமூட்டமும் பனி, புல்நுனித் துளியும் பனி, இமயமலை மேல் கிடப்பதும் பனி. இந்தக் கட்டுரையில் பனி என்றால் வானிலிருந்து பஞ்சாக விழும் வெண்பனி. தண்ணீர் உறைந்து கண்ணாடிபோல் சாலையில் படிவதை ஐஸ் என்றே சொல்கிறேன். டயருக்கு இவை இரண்டும் இருவேறு எதிரிகள்.

## நான்கு பெயர்கள்

1. சம்மர் டயர். வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்ற ரப்பர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடும் கார் டயர்களுக்கு யாரும் இப்படிப் பெயர் வைப்பதில்லை. அங்கே குளிர் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லாததால் அவை வெறும் டயர்.

2. ஆல் சீசன் டயர். வட அமெரிக்காவில் புதுக் கார்கள் பெரும்பாலும் இதோடுதான் வருகின்றன. வெயில், மழை, லேசான குளிர் வரை தாங்கும். பக்கவாட்டில் "எம் பிளஸ் எஸ்" என்று அச்சாகியிருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது.

3. ஆல் வெதர் டயர். பெயர் முந்தையதைப் போலவே இருக்கிறது, பொருள் வேறு. வருடம் முழுக்க மாட்டியிருக்கலாம்; பனிச் சோதனையிலும் தேறியது. பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும்.

4. விண்டர் டயர். குளிருக்கென்றே செய்தது. இதிலும் அதே மலை முத்திரை இருக்கும். ரப்பர் இன்னும் மென்மை, பள்ளம் இன்னும் ஆழம். கோடையில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் ஐரோப்பாவில் உறவினர்கள் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ கடைக்காரர் "ஆல் சீசன்" என்று தருவது பெரும்பாலும் மலை முத்திரை உள்ள டயர். அதாவது கனடாக்காரர் ஆல் வெதர் என்று சொல்வதைத்தான் அங்கே ஆல் சீசன் என்கிறார்கள். பாரிஸ் மச்சான் "நாங்கள் வருடம் முழுக்க ஆல் சீசன்தான், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று போனில் சொன்னால் அவர் சொல்வதும் உண்மைதான். அவர் பேசுவது வேறு டயரைப் பற்றி.

## குளிரில் ரப்பருக்கு என்ன ஆகிறது?

விண்டர் டயர் என்றதும் பலர் பள்ளங்களைத்தான் பார்க்கிறார்கள். பட்டன், அதாவது பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பர் கட்டை, பெரிதாகவும் பள்ளம் ஆழமாகவும் இருந்தால் பனியில் பிடிக்கும் என்று ஒரு எண்ணம். பள்ளம் முக்கியம்தான், அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கும் முன்னால் வருவது ரப்பரின் குணம்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் எண்ணெய் இறங்காது. முதல் நாள் மதியம் வழிந்தோடிய அதே எண்ணெய்தான். ரப்பரும் வெப்பத்துக்கு ஏற்ப மாறும் பொருளே. ஆனால் எண்ணெய்போல் ஒரு புள்ளியில் சட்டென்று உறையாது. வெப்பம் குறையக் குறையப் படிப்படியாக இறுகிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால்தான் இதை யாரும் நம்புவதில்லை.

இறுகிய ரப்பர் எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகமே தொலைக்காட்சியில் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய சிறிது நேரத்தில் சிதறியது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், அடுத்த மாதம் நடந்த பகிரங்க விசாரணையில் ஒரு துண்டு ரப்பரைச் சின்னக் கவ்வியில் இறுக்கி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்திருந்த வளையங்கள் அந்த ரப்பரால் ஆனவை. ஏவிய நாள் காலையில் கடுங்குளிர்.

டயரில் அதே குணம் வேறு விதமாக வேலை செய்கிறது. தார்ச்சாலை பார்க்கச் சமதளம். உண்மையில் அம்மிக்கல் மாதிரி கொத்திய பரப்பு. காரின் எடை அழுத்தும்போது ரப்பர் அந்தக் குழிகளுக்குள் பிதுங்கி இறங்க வேண்டும், நொடிக்குள் விடுபட்டு மறுபடி இறங்க வேண்டும். பிடிமானம் பெருமளவு இதில்தான் இருக்கிறது. ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. ஒன்றரை டன் கார் நான்கு உள்ளங்கைகளில் நிற்கிறது. அந்த உள்ளங்கை விறைத்துப் போனால் குழிகளுக்குள் இறங்காது, மேலாக வழுக்கிக்கொண்டு போகும்.

இதைத் தடுக்க விண்டர் டயரில் ரப்பர் கலவையையே மாற்றுகிறார்கள். ஒவ்வொரு ரப்பருக்கும் அது கண்ணாடிபோல் விறைத்துப் போகும் வெப்பநிலை ஒன்று உண்டு. கன்னியாகுமரித் தோட்டங்களில் மரம் சீவி எடுக்கும் இயற்கை ரப்பருக்கு அது ஏறக்குறைய மைனஸ் 70 டிகிரி. டயருக்குச் சேர்க்கும் செயற்கை ரப்பர்கள் சில அதற்கு வெகுமுன்பே விறைக்கத் தொடங்கும். குளிர்காலக் கலவையில் விறைக்காத ரப்பர்களின் பங்கைக் கூட்டுகிறார்கள், சிலிக்கா சேர்க்கிறார்கள், இளக்கம் கொடுக்க எண்ணெய் சேர்க்கிறார்கள். பின்லாந்தின் நோக்கியான் நிறுவனம் இதற்குக் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயைப் பயன்படுத்துகிறது. அந்த நிறுவனம்தான் 1934-இல் லாரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் குளிர்கால டயர் கொண்டுவந்தது.

இங்கேதான் "7 டிகிரி" வருகிறது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் டயரை மாற்றுங்கள் என்பது எல்லாக் கடையிலும் கேட்கும் வாசகம். நினைவில் வைக்க நல்ல எண். ஆனால் 8 டிகிரியில் நன்றாக இருந்த ரப்பர் 6 டிகிரியில் திடீரென்று கட்டையாகிவிடும் என்று பொருளில்லை. காலை அலுவலகம் போகும் நேரத்தில் தொடர்ந்து அந்த அளவுக்குக் கீழே இருக்கத் தொடங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. நண்பகல் வெப்பத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

## பனி வேறு, ஐஸ் வேறு

பள்ளங்களுக்கு வருவோம். கொழுக்கட்டை மாவு கையில் பிடிபடுவதைப் போல, அழுத்தினால் பனியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் பனியுருண்டை பிடிப்பது இதனால்தான். விண்டர் டயரின் அகலமான பள்ளங்களுக்குள் பனி அடைந்து இறுகும். அந்தப் பனி சாலையில் கிடக்கும் பனியோடு ஒட்டிப் பிடிக்கும். ரப்பர் பனியைப் பிடிப்பதைவிடப் பனி பனியைப் பிடிப்பது வலுவானது. டயரில் பனி ஒட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அது வேலை செய்துகொண்டிருக்கிறது. தேய்ந்த டயரில் பள்ளம் ஆழமில்லாததால் இந்த வேலை நடக்காது.

பட்டன்களின் மேல் பிளேடால் கீறியதுபோல் நெளிநெளியாக நூற்றுக்கணக்கான கீறல்கள் இருப்பதைப் பார்க்கலாம். கார் நகரும்போது அவை விரிந்து ஆயிரம் சிறு விளிம்புகளாகப் பனியைச் சுரண்டும். ஐஸ் மேலோ அவற்றின் வேலை வேறு. ஐஸின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கலுக்குக் காரணம். கீறல்களும், சில டயர்களில் ரப்பருக்குள்ளேயே உள்ள நுண்துளைகளும், அந்த நீரை உறிஞ்சி ரப்பரை ஐஸோடு தொடவைக்கின்றன. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 1988-இல் கொண்டுவந்த பிளிசாக் டயர் இந்த நுண்துளை வழியில் போனது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. அதுவரை ஜப்பானில் குளிர்காலத்தில் உலோக முனைகள் பதித்த ஆணி டயர்கள் ஓடின. ஆணிகள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசியில் செண்டாய் போன்ற நகரங்கள் திணறின. 1990-இல் சட்டம் போட்டு ஆணி டயரை ஒழித்தார்கள். ஆணி இல்லாமலே ஐஸைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அங்கே வந்தது.

கடுங்குளிரில்தான் ஐஸ் அதிகம் வழுக்கும் என்று தோன்றும். நடைமுறை நேர்மாறு. மைனஸ் 20-இல் ஐஸ் காய்ந்து கிடக்கும். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் நீர்ப்படலம் தடிக்கும். மழையாக விழுந்து தரையில் பட்டதும் உறையும் உறைமழை இன்னும் மோசம். 1998 ஜனவரியில் மான்ட்ரியல் பகுதியை முடக்கிய ஐஸ் புயல் அந்த வகை. அப்படிப்பட்ட நாளில் எந்த ரப்பரும் அதிகம் உதவாது. காரை எடுக்காமல் இருப்பதே வழி.

பிரேக் போட்டால் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைப் பள்ளி இயற்பியலை வைத்தே கணக்குப் போடலாம். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைப்போம். பிரேக் பிடித்த நொடியிலிருந்து எண்ணினால்:

- காய்ந்த தார்ச்சாலை, உராய்வுக் குணகம் (பிடிமானத்தின் அளவு) 0.8 எனில்: ஏறக்குறைய 12 மீட்டர்
- இறுகிய பனி, 0.25 எனில்: ஏறக்குறைய 40 மீட்டர்
- ஐஸ், 0.1 எனில்: ஏறக்குறைய 98 மீட்டர்

குணகங்கள் தோராயமானவை, டயருக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாறும். மூன்றாவது வரியைக் கவனியுங்கள். ஒரு நல்ல டயர் அந்த 0.1-ஐ 0.15 ஆக்கினாலே 98 மீட்டர் 66 ஆகக் குறைகிறது. எண்ணில் மாற்றம் சிறிது, தரையில் 32 மீட்டர். ஏழெட்டுக் கார்களை வரிசையாக நிறுத்தும் தூரம் அது. அதே சமயம் 66 மீட்டர் என்பதும் காய்ந்த சாலையைவிட ஐந்து மடங்குக்கு மேல் என்பதை விண்டர் டயர் போட்டவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

## டயரின் பக்கவாட்டைப் படிப்பது எப்படி?

கடையில் டயரைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு எழுத்துகளைப் பாருங்கள். உதாரணத்துக்கு 205/55 ஆர்16 91 எச்.

205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்றால் பக்கவாட்டின் உயரம் அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்பது ரேடியல் (டயரின் உள்கட்டமைப்பு வகை), 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு; ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. சுமைக் குறியீட்டில் மட்டும் குறைவானதை வாங்கவே கூடாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், பேட்டரியின் எடை அப்படி.

அடுத்தது வயது. டி.ஓ.டி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் தானாகவே இறுகும். விண்டர் டயர் வாங்குவதே இளக்கத்துக்காக என்னும்போது, மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏழெட்டு வருடப் பழைய செட்டை யாரிடமாவது வாங்குவதில் பொருளில்லை. புதுசு ஒன்றையும் பழசு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பட்டனைக் கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். புதுசில் நகம் பதிந்து மெல்ல மீளும். பழசில் நகம்தான் வலிக்கும்.

பிறகு முத்திரை. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துக்குப் பின்னால் எந்தச் சோதனையும் இல்லை. பள்ளங்களின் அமைப்பு இப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது அது. மலை-பனிப்பூ முத்திரைக்கு டயரை உண்மையாகவே பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இறுகிய பனியில் ஒரு குறிப்பு டயரோடு ஒப்பிட்டு, வட அமெரிக்கச் சோதனையில் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்டினால் முத்திரை கிடைக்கும். 1999-இல் வந்த ஏற்பாடு.

இந்த முத்திரைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அது பனிக்கான தேர்வு. ஐஸைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒரு ஆல் வெதர் டயரும் வட ஐரோப்பியக் கடுங்குளிருக்கான ஒரு கறாரான நார்டிக் விண்டர் டயரும் ஒரே முத்திரையோடு அருகருகே நிற்கலாம். ஒன்று 35 மதிப்பெண்ணில் பாஸ், இன்னொன்று 95-இல் பாஸ். மார்க் ஷீட்டில் இரண்டுக்கும் தேர்ச்சி என்றுதான் இருக்கும். இந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே முதல் டயர் லேபிளில் ஐஸ் பிடிப்புக்குத் தனிச் சின்னம் சேர்த்தது.

## எந்த ஊரில் என்ன சட்டம்?

கியூபெக். 2008-இல் கட்டாயமாக்கியது. முதலில் தொடக்க நாள் டிசம்பர் 15. 2014 டிசம்பர் முதல் மலை முத்திரை உள்ள டயரோ ஆணி டயரோ மட்டுமே செல்லும். வெறும் எம் பிளஸ் எஸ் செல்லாது. 2019 முதல் தொடக்க நாள் டிசம்பர் 1 ஆனது. மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம், செலவுகள் தனி.

சட்டம் கியூபெக் நம்பர் பிளேட்டுக்கு உரியது. டிசம்பர் கடைசியில் ஸ்கார்பரோவிலிருந்து மான்ட்ரியலுக்குக் கல்யாணத்துக்குக் காரில் போகும் ஒன்டாரியோக் குடும்பத்தை ஆல் சீசன் டயருக்காக நிறுத்தி அபராதம் போட முடியாது. அதனால் போகலாமா என்று கேட்டால், 401 நெடுஞ்சாலை வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல், கிங்ஸ்டன் தாண்டிப் பனி கொட்டும் இரவில், முன்னால் ஒரு லாரி. அதை யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஒன்டாரியோ. கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு. எவ்வளவு என்பதை நிறுவனம் முடிவு செய்யும்; கேட்டால்தான் பல நேரங்களில் கிடைக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியா. பலகை வைத்த நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல், பல இடங்களில் ஏப்ரல் 30 வரை. மலை முத்திரையும் செல்லும், எம் பிளஸ் எஸ்ஸும் செல்லும்; பள்ளம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எம் பிளஸ் எஸ்ஸை இன்னும் ஏற்பது தளர்வான விதி என்பது என் கருத்து.

ஜெர்மனி. தேதிக் கணக்கு இல்லை. சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2024 அக்டோபர் 1 முதல் அங்கும் எம் பிளஸ் எஸ் மட்டும் போதாது. மலை முத்திரை வேண்டும். மீறினால் 60 யூரோவும் ஓட்டுநர் கணக்கில் ஒரு புள்ளியும். ஆணி டயருக்கு அங்கே இடமே இல்லை.

## ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே?

எஸ்யூவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போவது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. சிக்னலில் மற்றவர்கள் சக்கரம் சுழன்று திணறும்போது நீங்கள் சுலபமாகக் கிளம்பிவிடுவீர்கள். அந்த நம்பிக்கையில் வேகம் எடுப்பீர்கள். அடுத்த சிக்னலில் அவர்களைவிடக் கனமான கார் ஒன்று நிற்க வேண்டியிருக்கும். ஏபிஎஸ்ஸும் இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, ஸ்டியரிங் கையை மீறாமல் வைக்கும், அது மட்டும்தான்.

பணத்தை மிச்சப்படுத்த இரண்டு விண்டர் டயர் மட்டும் வாங்குவது இன்னொரு தவறு. முன்சக்கர ஓட்டக் கார் என்பதால் முன்னால் மட்டும் போட்டதாக வைப்போம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் லேசாகப் பிரேக்கைத் தொடுகிறீர்கள். எடை முன்னால் சாய்கிறது. முன்டயர்கள் கவ்விப் பிடிக்கின்றன. எடை குறைந்த பின்பக்கத்தில் விறைத்த ரப்பர். பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், கார் சுழலும். நான்கிலும் ஆல் சீசன் இருந்திருந்தால் வளைவில் நுழையும்போதே வழுக்குவது தெரிந்து வேகத்தைக் குறைத்திருப்பீர்கள். இரண்டு போட்டது போடாததைவிட மோசமாகும் இடம் இது. நான்கும் ஒரே வகை, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம்.

## யாருக்கு எது?

1. டொரண்டோ, வான்கூவர் போன்ற நகருக்குள் மட்டும் ஓட்டுபவர், பனி கொட்டும் நாளில் வீட்டிலிருந்து வேலை செய்யக் கூடியவர்: நல்ல ஆல் வெதர் போதும். வருடம் இருமுறை மாற்றும் தொல்லையும் இரண்டாவது செட்டை வைக்க இடம் தேடும் தொல்லையும் இல்லை. அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

2. மான்ட்ரியல், ஒட்டாவா, எட்மன்டன், அல்லது விடிகாலை ஷிஃப்டுக்கு, பனி கரைய உப்புப் போடாத சாலையில் போகிறவர்: முழு விண்டர் டயர். ஐஸில் கிடைக்கும் கூடுதல் பிடிப்பு ஆல் வெதரில் கிடையாது.

3. வடக்குப் பகுதிக் கிராமச் சாலைகள், மாதக்கணக்கில் ஐஸ்: ஆணி டயரை யோசிக்கலாம், சட்டம் அனுமதித்தால். கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை உண்டு. ஒன்டாரியோவில் வடக்கே மட்டும். ஈரத் தாரில் இதன் பிரேக் நன்றாக இருக்காது, சத்தமும் உண்டு.

இரண்டு செட் என்றால் இரட்டைச் செலவு என்று தோன்றும். ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தூங்குகிறது, இரண்டும் அதற்கேற்ப நீடிக்கும். உண்மையான கூடுதல் செலவு ரிம்முக்கும் மாற்றும் கூலிக்கும்தான். விண்டர் டயருக்கென்று தனியாக மலிவான இரும்பு ரிம் வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் கூலி மிச்சம். உப்புத் தின்னும் காலத்தில் நல்ல அலாய் ரிம்மும் தப்பிக்கும். உங்கள் காருக்கு நிறுவனம் அனுமதித்த அளவுகளில் சற்றுக் குறுகலானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குறுகிய டயர் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கும், அகலமானது மேலே மிதக்கும்.

## மாட்டிய பிறகு

காற்று. இருபது டிகிரி வெப்பமுள்ள கராஜில் 32 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வெளியே மைனஸ் 10-இல் இரவு முழுக்க நிறுத்தினால், ஓட்டை எதுவும் இல்லாமலே காலையில் 27 தான் இருக்கும். வாயு சுருங்கும் கணக்கு அது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று அலற வேண்டாம். ஆனால் அணையட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். கார் ஓடிச் சூடாகும் முன், வெளிக்குளிரிலேயே அளந்து, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பனியில் பிடிக்கட்டும் என்று காற்றைக் குறைப்பது மணலில் ஜீப் ஓட்டுபவரின் வித்தை, நெடுஞ்சாலைக்கு ஆகாது.

பள்ளம். பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடுகள் அந்த அளவைக் காட்டும். மழைக்கே அது சந்தேகம், பனிக்கு அது மொட்டை டயர்தான். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் விண்டர் டயராகக் கணக்கில் வைக்காதீர்கள். ஆஸ்திரியாவில் சட்டமே அப்படித்தான். ஐரோப்பாவில் இருப்பவர்கள் 2 யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பார்க்கலாம். அதன் வெள்ளி நிற ஓரம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். ஓரம் முழுதும் பள்ளத்துக்குள் மறைந்தால் சரி.

நட்டு. சக்கரம் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்வார்கள். யாரும் திரும்பப் போவதில்லை. போக வேண்டும், ரிம்முக்கும் அச்சுக்கும் இடையே இருந்த துருவும் அழுக்கும் அழுந்தியதும் இறுக்கம் தளரலாம்.

திசை. பல விண்டர் டயர்களில் வி வடிவக் கோலம் இருக்கும். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி உண்டு. அவசரத்தில் இடது வலது மாறி மாட்டிவிடுவது நவம்பர் வரிசைகளில் நடக்கிற விஷயம். கடையை விட்டுக் கிளம்பும் முன் நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கழற்றுவது. மார்ச் 15 என்பது சட்டத்தின் தேதி. மான்ட்ரியலில் ஏப்ரலிலும் பனி விழும். காலை வெப்பம் தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நிற்கும் வரை பொறுத்துக் கழற்றலாம். ஜூன் வரை இழுத்தால் மென்மையான ரப்பர் வெயிலில் கரைந்து தேய்ந்துவிடும். கழற்றியதும் உப்பைக் கழுவி, காயவைத்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். வெறும் டயரென்றால் நிமிர்த்தி நிறுத்தி அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். வீட்டில் இடமில்லாதவர்களுக்குச் சில கடைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு அடுத்த நவம்பர் வரை வைத்துக்கொள்ளும். அடுக்கும் முன் ஒவ்வொரு டயரிலும் சுண்ணக்கட்டியால் "முன் இடது", "பின் வலது" என்று எழுதிவிடுங்கள். அடுத்த சீசனில் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் தேய்மானம் சமமாகும்.